ரோல் பார், ஹார்னஸ் மாட்டப் போறீங்களா? முதலில் இதைப் படியுங்க

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். சின்னப் பிள்ளையாக அவர் இந்த ஊர்த் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் நரசிங்க முனையரையர் பார்த்து, அழைத்துப் போய்த் தன் பிள்ளையாக வளர்த்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. இன்றைக்கு அந்தத் தெருவிலிருந்து சிறிது தூரம் போனால் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை. உளுந்தூர்பேட்டையில் திரும்பினால் சேலம் சாலை. மேற்கே போனால் கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதற்கு மேலே வெள்ளிமலை வரைக்கும் கல்வராயன் மலைப்பாதையின் வளைவுகள். வண்டி ஓட்டப் பிடித்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதனால்தான் நம்ம பக்கத்து இளைஞர்கள் பலர் கையில் பழைய ஜீப், ஜிப்ஸி, தார், இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் என்று ஏதாவது ஒன்று இருக்கிறது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே ஒரு ஆசையும் வருகிறது. போனில் ரேஸ் வீடியோ பார்க்கிறோம். உள்ளே தடித்த இரும்புக் குழாய்க் கூண்டு, ஓட்டுநரின் இரண்டு தோளிலும் சிவப்புப் பட்டை. "இதை நம்ம வண்டியிலும் போட்டுட்டா பாதுகாப்புதானே? கெட்டது ஒண்ணும் இல்லையே?"

கேள்வி நியாயமானது. பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ரேஸ் டிராக்கில் உயிர் காக்கும் இதே பொருள்கள், தினமும் சாலையில் ஓடும் காரில் அரைகுறையாக மாட்டப்பட்டால் உயிரை எடுக்கலாம். அதோடு சட்டப் பிரச்சினையும் காப்பீட்டுப் பிரச்சினையும் சேர்ந்து வரும். ஏன் அப்படி, என்ன செய்யலாம், உங்கள் கையில் இருக்கும் போனிலேயே எதையெல்லாம் சரிபார்க்கலாம் என்று பார்ப்போம்.

எது எதற்கு?

ரோல் பார் என்பது முன் இருக்கைகளுக்குப் பின்னால், தலைக்கு மேலே வளைந்து நிற்கும் இரும்புக் குழாய். கார் கவிழ்ந்து தலைகீழானால் கூரை நசுங்கி உள்ளே வராமல் தாங்குவது அதன் வேலை. இதையே முன்பக்கம், பக்கவாட்டு, கூரை என்று சுற்றிலும் இணைத்துக் கட்டினால் அது ரோல் கேஜ், அதாவது முழுக் கூண்டு.

ஹார்னஸ் என்பது பல முனைப் பட்டை. நம் காரில் வரும் சாதாரண சீட் பெல்ட்டுக்கு மூன்று முனை. வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-ல் வடிவமைத்தது அது. ஹார்னஸில் நான்கு, ஐந்து அல்லது ஆறு முனை இருக்கும். இரண்டு தோள், இடுப்பு, சிலவற்றில் தொடைகளுக்கு நடுவிலும் பட்டை வரும். எல்லாம் வயிற்றுக்கு முன்னால் ஒரே கொக்கியில் சேரும். உடம்பை இருக்கையோடு இறுக்கிக் கட்டி வைப்பது அதன் வேலை.

இந்த இரண்டோடு இன்னும் மூன்று சேர்ந்தால்தான் முழு அமைப்பு. ஹார்னஸுக்கென்றே துளை வைத்துச் செய்த பக்கெட் சீட், தலைக்கு ஹெல்மெட், கழுத்துக்கு ஹான்ஸ் என்ற தாங்கி. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஓட்டுநர் காரில் உட்கார்ந்தால் தானாகப் பட்டை போட்டுக்கொள்வதுகூட சிரமம். பக்கத்தில் ஒருவர் நின்று இறுக்கிவிடுவார். அங்கே இந்த ஐந்தும் ஒன்றாக வேலை செய்கின்றன.

கோயில் தேரை நினைத்துப் பாருங்கள். வடம், சக்கரம், முட்டுக்கட்டை மூன்றும் சேர்ந்தால்தான் தேர் நகரும், நிற்கும். முட்டுக்கட்டை போட ஆள் இல்லாமல் வடத்தை மட்டும் ஆயிரம் பேர் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? இங்கேயும் அதே கதைதான்.

ஹார்னஸ் மட்டும் போட்டால்…

கார் கவிழும்போது கூரை கொஞ்சம் நசுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முனை பெல்ட்டில் இருப்பவரின் மேல் உடம்பு பக்கவாட்டில் சாய இடம் இருக்கிறது. கூரை இறங்கும்போது உடம்பும் சாயும். ஹார்னஸில் கட்டுண்டவருக்கு அந்த வழி கிடையாது. முதுகு நேராக, தலை நிமிர்ந்து, அசைய முடியாமல் இருப்பார். இறங்கி வரும் கூரையின் சுமையைத் தலையும் கழுத்தும் நேரடியாக வாங்கும். அதனால்தான் ரோல் பார் இல்லாத மூடிய காரில் ஹார்னஸ் போடாதீர்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

அடுத்தது நேருக்கு நேர் மோதல். தோள் இரண்டும் இறுக்கமாகக் கட்டியிருப்பதால் உடம்பு நின்றுவிடும். தலை நிற்காது. அது முன்னால் பாயும். அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில்தான். அமெரிக்காவின் பெயர்பெற்ற பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் இறந்தார். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவு. அதே ஆண்டு அக்டோபரில் நாஸ்கார் அமைப்பு, தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. அனுபவம் மிக்க பந்தய ஓட்டுநருக்கே அந்தத் தாங்கி தேவை என்றால், உளுந்தூர்பேட்டைக்கு டீசல் போடப் போகிற நமக்கு?

மூன்றாவது, பட்டையைக் கட்டும் இடம். பல பேர் தோள் பட்டையைப் பின் இருக்கையின் தரையில் இருக்கும் பெல்ட் போல்ட்டில் கொண்டுபோய் மாட்டிவிடுகிறார்கள். மோதும்போது அந்தப் பட்டை தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை நசுக்கும். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியில் தோள் பட்டை பின்பக்கம் கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் கீழே இறங்கக் கூடாது. 10 டிகிரிக்குள் இருப்பதே நல்லது என்றும் சொல்கிறது. பட்டையை இருக்கையிலேயே கட்டுவதற்கும் அங்கே தடை உண்டு. சரியான உயரத்தில் கட்ட ரோல் பாரின் குறுக்குக் குழாய் வேண்டும். ஆக ஹார்னஸ் தானாகவே ரோல் பாரைக் கேட்கிறது.

நான்காவது, நான்கு முனைப் பட்டை. தோள் பட்டையை இறுக்கினால் இடுப்புப் பட்டை மேலே ஏறி வயிற்றில் உட்காரும். மோதலில் உடம்பு பட்டைக்கு அடியில் சறுக்கிக் கீழே போகும். அப்போது தாங்க வேண்டியது இடுப்பு எலும்பு. ஆனால் அடி வாங்குவது குடலும் கல்லீரலும். தொடைகளுக்கு நடுவே வரும் ஐந்தாவது, ஆறாவது பட்டை இருப்பதே இதைத் தடுக்கத்தான்.

இதற்கு மேல் ஏர்பேக் வேறு. உங்கள் காரின் ஏர்பேக், மூன்று முனை பெல்ட் போட்டவர் எவ்வளவு முன்னால் வருவார் என்று கணக்குப் பார்த்து வடிவமைக்கப்பட்டது. பல கார்களில் மோதிய நொடியில் பெல்ட்டை இறுக்கும் கருவியும், பிறகு மார்பெலும்பு முறியாமல் கொஞ்சம் தளர்த்தும் கருவியும் சேர்ந்து இருக்கும். பெல்ட்டை மாற்றினால் அந்தக் கணக்கு முழுவதும் கலைந்துவிடும்.

ரோல் பார் மட்டும் போட்டால்…

"சரி, ஹார்னஸ் வேண்டாம். கம்பி மட்டும் போட்டுக்கலாமே?" அதற்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. டிராக்கில் ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட் இருக்கும். சாலையில் காருக்குள் யாரும் ஹெல்மெட் போடுவதில்லை. சாதாரண மூன்று முனை பெல்ட்டில் உடம்பு அசையும். பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தாலே தலை பின்னோக்கி வேகமாகப் போகும். அங்கே காத்திருப்பது இரும்புக் குழாய். கவிழாத, சாதாரணமாகக் காயமில்லாமல் தப்பிக்க வேண்டிய விபத்தில்கூடத் தலையில் பலமான அடி படலாம்.

"மேலே ஸ்பாஞ்ச் சுத்திடலாம்" என்பார்கள். கடையில் கிடைக்கும் மென்மையான ஸ்பாஞ்ச் கையால் அமுக்கினாலே நசுங்கிவிடும். தலை மோதும் வேகத்தில் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். பந்தயக் கார்களில் சுற்றுவது அதற்கென்று தரம் பெற்ற அடர்த்தியான பொருள். அதுவும் ஹெல்மெட் போட்ட தலையை மனதில் வைத்துச் செய்தது.

பின் இருக்கையில் யார் உட்காருகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். நாலு பேர் உட்காரும் காரில் முன் இருக்கைக்குப் பின்னால் வளைவுக் குழாயும் குறுக்குக் குழாயும் வந்தால், அவை நிற்பது பின்னால் இருக்கும் பிள்ளையின் முகத்துக்கு நேரே. அதனால் பலர் பின் இருக்கையையே கழற்றிவிடுகிறார்கள். அங்கேதான் சட்டப் பிரச்சினை தொடங்குகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

குழாயின் தரமும் முக்கியம். எஃப்.ஐ.ஏ. விதிப்படி பந்தயக் காரின் முதன்மை வளைவுக்கு மூட்டு இல்லாத கார்பன் எஃகுக் குழாய் வேண்டும். 45 மி.மீ. விட்டம் என்றால் 2.5 மி.மீ. கனம், 50 மி.மீ. விட்டம் என்றால் 2 மி.மீ. கனம். குழாயின் கால் வந்து நிற்கும் இடத்தில் குறைந்தது 3 மி.மீ. தகடு வைத்துக் காரின் உடலோடு பலப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் கவிழும்போது குழாய் வளையாது, ஆனால் மெல்லிய தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். தண்ணீர்க் குழாயை வளைத்து, வெல்டிங் வைத்து, பளபளவென்று பெயிண்ட் அடித்துத் தருவது ரோல் பார் ஆகாது. ஜீப்பிலும் பிக்கப்பிலும் அழகுக்காக மாட்டும் குரோம் வளைவும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். கவிழும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

திறந்த கார் வைத்திருப்பவர்களுக்கு வெளிநாட்டு டிராக்குகளில் ஒரு எளிய சோதனை வைக்கிறார்கள். ஓட்டுநர் ஹெல்மெட்டோடு உட்காருவார். ரோல் பாரின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு துடைப்பக் கட்டையை வைப்பார்கள். கட்டைக்குக் கீழே ஹெல்மெட் சுமார் 5 செ.மீ. இடைவெளியோடு இருக்க வேண்டும். கட்டை தலையில் தட்டினால், கார் கவிழ்ந்தால் தரையும் தலையில் தட்டும். தெருவில் பார்க்கும் "ஸ்டைல் பார்" பலவும் இந்தச் சோதனையில் தேறாது.

பக்கத்து வயலில் ஒரு பாடம்

கம்பியும் பெல்ட்டும் ஒரு ஜோடி என்பதை நம்ம ஊருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வண்டியே சொல்லித்தரும். அது டிராக்டர். வரப்பு ஏறும்போதும் கரும்புச் சுமை இழுக்கும்போதும் டிராக்டர் கவிழ்வது உலகம் முழுக்க விவசாயிகளின் உயிரைக் குடிக்கும் விபத்து. சுவீடன் நாடு 1959-லேயே புதிய டிராக்டர்களில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் அந்த வளைவுக் குழாய் அதுதான்.

ஆனால் அந்தச் சட்டம் இருந்து பெல்ட் போடாவிட்டால், ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டு அதே சட்டத்துக்கு அடியிலேயே சிக்குவார். அதேபோல் மடக்கும் வகைச் சட்டத்தை மடக்கி வைத்துவிட்டுப் பெல்ட் போட்டுக்கொண்டால், கவிழும் டிராக்டரிலிருந்து குதிக்கவும் முடியாது. சட்டம் நிமிர்ந்திருந்தால் பெல்ட் போட வேண்டும். சட்டம் மடங்கியிருந்தால் பெல்ட் போடக் கூடாது. இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் காரின் கதையும் புரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. மாநில விதி எப்படி இருந்தாலும் பிரிவு 52-க்கு உட்பட்டுத்தான் அதைப் படிக்க வேண்டும் என்றும் சொன்னது.

ரோல் பாருக்கும் ஆர்.சி.க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆர்.சி.யைத் திறந்து பாருங்கள். இருக்கைகளின் எண்ணிக்கை இருக்கும். சுமையில்லா எடை இருக்கும். உடல் வகை இருக்கும். பின் இருக்கையைக் கழற்றினால் முதலாவது மாறுகிறது. முழுக் கூண்டு போட்டால் இரண்டாவது மாறுகிறது. கூரையை வெட்டினால் மூன்றாவது மாறுகிறது.

2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-வின் நான்காம் உட்பிரிவு இன்னும் நேரடியானது. அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு, பாகங்களைப் புதிதாகப் பொருத்துவது உட்பட, ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். ரோல் பார், பக்கெட் சீட், கழற்றிய பின் இருக்கை என்று எண்ணினால் தொகை தானாக ஏறும்.

வண்டியோடு வந்த மூன்று முனை பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஹார்னஸ் போடுவதும் ஆபத்தான வேலை. பெல்ட் இல்லாமல் ஓட்டினால் பிரிவு 194பி-யின்படி 1,000 ரூபாய். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டாலும் அதே 1,000 ரூபாய். பக்கெட் சீட்டில் குழந்தை இருக்கையைச் சரியாகப் பொருத்தவும் முடியாது.

இதே வகையில் முன் பம்பரில் மாட்டும் கிராஷ் கார்டு பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதியில்லாத கிராஷ் கார்டு, புல் பார் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அந்த இரும்பு நடந்து போகிறவருக்கு ஆபத்து. ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் கெடுக்கலாம்.

காப்பீடு: சின்ன எழுத்தைப் படியுங்க

வண்டியில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு கிளெய்ம் கேட்கும்போது அதுவே முதல் கேள்வியாக வரலாம். சர்வேயர் போட்டோ எடுக்கும்போது ரோல் பாரை மறைக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில் "பயன்பாட்டு வரம்பு" என்று ஒரு பகுதி இருக்கும். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பாலிசி பொருந்தாது என்று அங்கே எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை டிராக்குக்குப் போய் ஓட்டிவிட்டு அதே காரில் வீடு திரும்ப நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கும்போது

தேடிப் பார்த்தால் "ரேசிங் ஹார்னஸ்" என்று மலிவு விலையில் நிறைய வரும். உண்மையான ஹார்னஸின் ஒவ்வொரு பட்டையிலும் எஃப்.ஐ.ஏ. அல்லது எஸ்.எஃப்.ஐ. தரச் சீட்டு தைத்திருக்கும். எந்தத் தேதி வரை செல்லும் அல்லது எப்போது தயாரானது என்றும் அதில் இருக்கும். பட்டையின் நூல் வெயிலில் வலுவிழக்கும். அதனால்தான் இந்தக் காலக்கெடு. சீட்டு இல்லாத பட்டை அலங்காரப் பொருள்தான். அதை நம்பி உடம்பைக் கட்டாதீர்கள்.

ஹார்னஸ் போட்டவர்கள் அடுத்துத் தேடுவது என்ன தெரியுமா? பெல்ட் போடாவிட்டால் வரும் "பீப்" சத்தத்தை நிறுத்த, பெல்ட் கொக்கியில் செருகும் சின்னக் கிளிப். இதை விற்ற ஐந்து பெரிய ஆன்லைன் தளங்கள் மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. மறுபடி எங்காவது கண்ணில் பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லுங்கள்.

போனிலேயே செய்யக்கூடிய ஐந்து வேலை

வெல்டிங் கடைக்குப் போகும் முன் இந்த ஐந்தையும் முடியுங்கள். பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்தே முடிக்கலாம்.

1. ஆர்.சி.யைப் படியுங்கள். டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் திறந்து இருக்கை எண்ணிக்கை, எடை, உடல் வகை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்துக்கும் நாளைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

2. தயாரிப்பாளரிடம் கேளுங்கள். "இந்த மாடலுக்கு நிறுவனம் அங்கீகரித்த ரோல் பார் இருக்கிறதா? அதைப் பொருத்தினால் ஏர்பேக், பெல்ட் பாதிக்கப்படுமா?" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு போதாது. பதிலைச் சேமித்து வையுங்கள்.

3. பதிவு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பரிவாகன் இணையதளத்தின் வாகனச் சேவைகளில் "வாகன மாற்றம்" என்ற சேவை இருக்கிறது. உங்கள் ஆர்.சி.யில் எந்த அலுவலகம் இருக்கிறதோ அங்கே, மாற்றம் செய்வதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். அனுமதி கிடைத்து மாற்றினால் 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். அனுமதி இல்லை என்றால் அந்த ஆசையை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். மாற்றத்தைப் பாலிசியில் சேர்த்து ஒப்புதல் வாங்குங்கள். பதில் வராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் செய்யலாம். தொலைபேசி எண் 155255.

5. நிலுவை அபராதம் பாருங்கள். பரிவாகனின் இ-சலான் பக்கத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் போதும். "உங்கள் வண்டிக்கு அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறக்கவே கூடாது. அது பணம் திருடும் வலை. திறந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

அப்படியானால் ஆசையை என்ன செய்வது?

மூன்று நல்ல வழி இருக்கிறது.

ஒன்று, கூண்டு வேண்டுமென்றால் தயாரிப்பாளரே கூண்டு வைத்துத் தரும் வண்டியை வாங்குங்கள். 2020-ல் வந்த மஹிந்திரா தாரில் ரோல் கேஜ் நிறுவனத்திலிருந்தே வந்தது. குளோபல் என்கேப் சோதனையில் அந்த ஆண்டு நவம்பரில் அது நான்கு நட்சத்திரம் வாங்கியது. திறந்த கூரை சொகுசுக் கார்களில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 1989-ல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல். காரில் ரோல் பார் மடங்கிக் கிடக்கும். கார் கவிழப் போகிறது என்று உணர்ந்தால் சுமார் 0.3 விநாடியில் தானாக நிமிரும். சாதாரண நேரத்தில் தலை மோத அங்கே குழாயே கிடையாது. சாலைக் காருக்கு எப்படி யோசிக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இரண்டு, வேகம் பிடிக்கும் என்றால் டிராக்குக்குப் போங்கள். இதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பரம்பரையே இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முன்பு சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே ஹெல்மெட், மருத்துவர், ஆம்புலன்ஸ், கொடி காட்டும் ஆட்கள் எல்லாம் உண்டு. எதிரே கரும்பு டிராக்டர் வராது. முழுக் கூண்டும் ஆறு முனைப் பட்டையும் போட்ட கார் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால், அது டிராக்குக்கு மட்டுமான காராக இருக்கட்டும். டிரக்கில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டிவிட்டு, டிரக்கிலேயே கொண்டு வாருங்கள்.

மூன்று, சாலைக் காரைச் சாலைக் காராகவே நன்றாக வைத்திருங்கள். கம்பிக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல டயர் நாலு வாங்கலாம். பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் மாற்றலாம். வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் இறங்கப் பழகலாம். இரவில் கள்ளக்குறிச்சிப் பக்கச் சாலைகளில் பின்விளக்கு இல்லாத கரும்பு வண்டி முன்னால் போகலாம் என்று எதிர்பார்த்தே ஓட்டலாம். வண்டி கவிழாமல் இருக்க உதவுவது இதெல்லாம்தான். முக்கியமாக, பின் இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போடட்டும். பெல்ட் போடாமல் பின்னால் உட்கார்ந்திருப்பவர், மோதும்போது முன்னால் இருப்பவர் மீதே வந்து விழுவார்.

ஒருவேளை விபத்தைப் பார்த்தால்

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். யார் அவர், எந்த ஊர் என்று பார்ப்பதில்லை. பணம் கையில் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம்.

ஹார்னஸ் போட்ட வண்டி கவிழ்ந்து கிடந்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும். அதன் கொக்கி சாதாரண சிவப்புப் பொத்தான் இல்லை. நடுவில் இருக்கும் வட்டத் திருகைத் திருப்பினால் எல்லாப் பட்டையும் ஒன்றாக விடும். ஆனால் தலைகீழாகத் தொங்குபவரின் பட்டையை அவசரப்பட்டு அவிழ்க்காதீர்கள். தலை குத்தி விழுந்து கழுத்து முறியலாம். தீயோ புகையோ இல்லையென்றால் 108 வரும் வரை உடம்பைத் தாங்கிப் பிடியுங்கள். உதவிக்கு ஓடி வருபவருக்குத் தெரியாத கொக்கியை மாட்டிக்கொண்டு சாலையில் போவதும் ஒரு ஆபத்துதான். இதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. திருநாவலூரில் அன்றைக்கு உருண்ட சிறுதேரைத் தள்ளி விளையாடியது ஒரு குழந்தை. உங்கள் காரில் உங்களோடு வருவதும் உங்கள் குழந்தைகள்தான். ஆர்.சி.யில் ஐந்து இருக்கை என்று எழுதியிருந்தால், அந்த ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான் தயாரிப்பாளர் பெல்ட்டையும் இருக்கையையும் கூரையையும் வடிவமைத்திருக்கிறார். அதில் ஒன்றை மட்டும் மாற்றும் முன், இன்றைக்கே போனை எடுத்து உங்கள் ஆர்.சி.யைத் திறந்து அந்த மூன்று வரிகளைப் படித்துவிடுங்கள்.